திரும்பிய நேரம்

கரைக்குத் திரும்பிய நேரம் என்று கேட்டிருந்த கட்டத்தில் யாரோ ‘வரல’ என்று எழுதியிருந்தார்கள்.

கைதவறி அடித்திருப்பார்கள் என்றுதான் ஜெசிந்தா மச்சாது முதலில் நினைத்தாள். கடலுக்குப் போய் வந்தவர்கள் குறைநிறை சொல்லும் படிவம் அது. மணி கேட்கிற இடத்தில் மணி எழுதாவிட்டால் மென்பொருள் வாங்கிக்கொள்ளாது. திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு நகலை மட்டும் ஜெசிந்தாவுக்கு வரும் அரைகுறைக் குவியலில் போட்டுவைக்கும். மாதம் ஒருமுறை அந்தக் குவியலைக் கூட்டித் தள்ளுவது ஜெசிந்தாவின் வழக்கம். படகு எண்ணைத் தப்பாகப் போட்டவர்கள், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனவர்கள், விசைப்பலகையின் மேல் பூனையை உட்காரவைத்தவர்கள் என்று பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும்.

ஆனால் இந்தப் படகு எண் பதினொரு முறை வந்திருந்தது. சவேரியார்துறை, வத்தை எண் நாற்பத்தெட்டு. பதினொரு வெவ்வேறு நாள்களில் பதினொரு படிவம், எல்லாவற்றிலும் ஒரே விவரம். புறப்பட்ட நேரம் மாலை நான்கு. திரை காட்டிய நிறம் பச்சை. திரும்பிய நேரம், வரல. குறை என்ற கட்டத்தில் ஒரே வரி: ‘பச்சைன்னு போட்டது ஏன்னு தெரியணும்.’

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. எந்தக் குழப்பத்தையும் உட்கார்ந்து பார்த்தால் அரைமணி நேரத்தில் அவிழ்த்துவிடலாம் என்று நம்புகிறவள். பெரும்பாலும் அவிழ்த்தும் விடுவாள். இதை அவிழ்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆறு ஆண்டுகளுக்கு முன், 2035இல், தூத்துக்குடி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் ஆசிரியையாக இருந்தபோது அவள் எழுதிய மென்பொருள் ‘கடல்கண்’. கடல் சூடேறிப்போனதில் முன்னெல்லாம் இல்லாத ஒரு காற்று வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஐந்தாறு கிலோமீட்டர் அகலத்துக்குத்தான் அடிக்கும். அரைமணியில் ஓய்ந்துவிடும். அதற்குள் சிக்கிய சிறு படகை, வத்தையை, கவிழ்த்துவிடும். அரசாங்க எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக வரும். இந்தத் துறைக்கு இன்று வருமா என்று அது சொல்லாது. கடல்கண் சொன்னது. மிதவைகள் அனுப்பும் அளவுகளை எடுத்து ஒவ்வொரு துறைக்கும் தனியாகக் கணக்கிட்டு, போகலாம் என்றால் பச்சை, போகாதே என்றால் சிவப்பு. யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். காசு கிடையாது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

அதைப் பிரபலமாக்கியது அதற்குள் இருந்த ‘திருத்தி’ என்ற பகுதி. ஊர்க்காரர்கள் சொல்லும் குறையைத் திருத்தி படிக்கும். ஒரே குறையை ஏழு வெவ்வேறு படகு வீடுகள் சொல்லிவிட்டால், அது தானாகவே மென்பொருளின் நிரலை மாற்றி, அந்த ஊர்க் கம்ப்யூட்டரிலேயே புதிதாகக் கம்பைல் செய்து, புதிய பதிப்பை ஓடவிடும். எண்பத்து மூன்று துறைகளில் எண்பத்து மூன்று கடல்கண்கள், ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் பேச்சைக் கேட்டு வளர்ந்தது. வெளியாள் எவரும், ஜெசிந்தாகூட, அதைத் தொட முடியாது. “உங்க கம்ப்யூட்டர் உங்களுக்கு மட்டுந்தான் கீழ்ப்படியணும்” என்று கூட்டங்களில் அவள் சொல்லும்போது கைதட்டுவார்கள்.

இன்னொரு விதியையும் அவள் எழுதியிருந்தாள். உயிர்ச்சேதம் என்று ஒரே ஒரு வீடு சொன்னாலும் போதும். ஏழு பேருக்குக் காத்திராமல், அந்த நொடியே, எத்தனை வேகக் காற்றுக்குச் சிவப்பு காட்டுவது என்ற எல்லை பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த விதி இயங்கியதில்லை. அதையும் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இயங்காததற்குக் காரணம் இப்போது திரையில் பதினொரு முறை எழுதியிருந்தது. உயிர்ச்சேதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் படிவத்தை அனுப்ப வேண்டும். படிவத்தை அனுப்ப, திரும்பி வந்த மணியைச் சொல்ல வேண்டும்; மணி சொன்னால் ஆள் திரும்பிவிட்டதாகத்தான் கணக்கு.

ஒன்பதரைப் பஸ்ஸில் ஏறினாள்.

சவேரியார்துறை மீன் ஏலக்கூடத்தின் ஓரத்தில், தகரத் தடுப்புக்குள் இருந்தது ஊர்க் கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொண்டவர் கஸ்பார் கோமஸ். அறுபது வயது, ஒரு கால் விளங்காமல் போனபின் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஊர்க் கமிட்டியின் எழுத்து வேலையை ஏற்றுக்கொண்டவர். வந்தது யாரென்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

“வாங்க டீச்சர்! சொல்லாமக் கொள்ளாம வந்துட்டிய. நீங்க எழுதுன புரோகிராமு இப்பம் நம்ம ஊருக்குத் தக்கன நல்லாப் பழகிட்டு. மொதல்ல எதுக்கெடுத்தாலும் செவப்பு. எரிச்சலா வரும். சொல்லச் சொல்லத் தன்னால திருந்திட்டு.”

“எத்தன தரம் சொன்னிய அண்ணாச்சி?”

“நானூத்திப் பன்னெண்டு. நாந்தான் முக்காவாசியும் அடிச்சேன். ஒண்ணுகூடப் பொய்யி கெடையாது. செவப்பு போட்டுச்சு, நாங்க போனோம், ஒண்ணும் நடக்கல, வந்துட்டோம். நடந்ததத்தான் எழுதியிருக்கு.”

ஜெசிந்தா அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவுகளைத் திறந்தாள். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகக் காற்றுக்கே சிவப்பு காட்ட வேண்டும் என்று அவள் எழுதிய எல்லை, ஒவ்வொரு ஏழு குறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அறுபத்தொன்றில் வந்து நின்றிருந்தது. படிப்படியாக, ஒழுங்காக, அவள் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தது.

“இந்த நானூத்திப் பன்னெண்டும் திரும்பி வந்தவங்க எழுதுனது” என்றாள்.

“ஆமா. பின்ன?”

“வராதவங்க எழுதுனது ஒண்ணுகூட இல்லையே அண்ணாச்சி.”

கஸ்பார் சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். “வராதவன் எப்படி டீச்சர் எழுதுவான்?”

“அதத்தான் நான் யோசிக்காமப் போயிட்டேன்.”

மற்றதைக் கேட்காமலே கஸ்பார் சொன்னார். “மூணு வருசத்துல நாலு பேர். எழுதத்தான் பாத்தோம். மணி கேக்கும். மணி போடாட்டி வாங்காது. சரி, செத்தவுக பேரு கோயில் புத்தகத்துல இருக்கு, அது போதும்னு விட்டுட்டோம். சூசை மிக்கேல் பெஞ்சாதி மட்டும் விடல. தெனமும் வந்து உக்காந்து அடிச்சா. ‘வாங்காதும்மா’ன்னு நானே சொன்னேன்.”

அந்தப் பெண் அப்போது கூடத்தில்தான் இருந்தாள். காலையில் கரைவலையில் வந்த மீனை ஏலத்தில் எடுத்து, பனங்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். லூர்து ரீத்தம்மாள். நாற்பதைத் தொட்டிருப்பாள், மெலிந்த உடம்பு, அகன்ற தோள். கஸ்பார் கூப்பிட்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சுற்றி வளைக்க ஜெசிந்தாவுக்குத் தெரியாது. “அந்தப் புரோகிராம எழுதுனது நான்தான்” என்றாள்.

ரீத்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பதினோரு தரம் எழுதுனேன்.”

“பாத்தேன். இன்னைக்கித்தான் பாத்தேன். பாத்ததும் பஸ் ஏறிட்டேன்.”

“பச்ச ஏன் போட்டுச்சு?”

ஜெசிந்தா சொன்னாள். நாற்பதில் இருந்த எல்லை எப்படி ஏறியது, எத்தனைக்கு ஏறியது, சூசை மிக்கேல் போன அன்று காற்று ஐம்பத்தெட்டு என்று மென்பொருள் கணக்கிட்டும் ஏன் பச்சை காட்டியது, அவன் சாவைச் சொல்ல அவள் தட்டிய கதவு ஏன் திறக்கவில்லை என்றெல்லாம் சொன்னாள். “கதவ அப்படிப் பூட்டி வச்சது நான்தான். வேணும்னு செய்யல. ஆனா நான்தான்” என்று முடித்தாள்.

ரீத்தம்மாள் அழவில்லை. கூடத்துச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டியிருந்த பெரிய திரையைத் திரும்பிப் பார்த்தாள். அது பச்சையாக இருந்தது.

“சரி, இன்னைக்கிப் போட்டிருக்கே பச்ச. அது எந்தப் பச்ச?” என்று கேட்டாள்.

ஜெசிந்தா அவசரமாக மேசைக்குத் திரும்பினாள். தன் மடிக்கணினியைத் திறந்து, யாரும் திருத்தாத பழைய கடல்கண்ணை ஓடவிட்டாள். மாலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் சவேரியார்துறையில் அறுபது. பழைய எல்லைப்படி சிவப்பு. ஊரின் எல்லை அறுபத்தொன்று, அதனால் பச்சை.

மற்றத் துறைகளையும் பார்த்தாள். ஊர்கள் தங்கள் எல்லையை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுத்தான் இருந்தன. அவள் அவ்வப்போது அதை மேலோட்டமாகப் பார்த்து, ஊர் தன் போக்கில் பழகுகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள், கூட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அறுபத்தொரு துறைகளில் இன்று சிவப்பு விழுந்திருக்க வேண்டும். அறுபத்தொன்றும் பச்சையாக இருந்தன. எல்லாத் துறையிலும் செவுள்வலை வத்தைகள் மாலை நான்கு மணிக்குப் புறப்படும். மணி பதினொன்று நாற்பது.

“நீங்க இங்கன இருந்தே எல்லாத்தையும் மாத்திருங்க டீச்சர்” என்றார் கஸ்பார்.

“முடியாது அண்ணாச்சி. எனக்கு உள்ள போக வழி கெடையாது. நானே வழி வைக்கல.”

“ஒரு சாவிகூடவா வச்சிக்கிடல?”

“நான் ஒரு சாவி வச்சிருந்தா, நாளைக்கி அதே சாவிய எவனாவது பிடுங்கி, அவன் மீன் யாவாரத்துக்காக ஒங்க திரையில பச்ச போடுவான். அதுல நான் செஞ்சது தப்பில்ல. இந்தப் படிவத்துலதான் தப்பு.” சொல்லும்போதே அவளுக்குத் தெளிந்தது. இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்காக வருந்தி இன்னொன்றைக் கைவிடத் தேவையில்லை.

கஸ்பார் ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார். கரையில் வலை அடுக்கிக்கொண்டிருந்த தொம்மை என்பவன் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: “என்ன மாமா, கண்ணு தெரியலையா? பச்சையாத்தான கெடக்கு! மூணு வருசமா திரையப் பாரு, திரையப் பாருன்னுட்டு, இன்னைக்கி டீச்சரப் பாருங்கிய! சாள மீனு ஓடுத நேரம். இன்னைக்கி விட்டா இனி பத்து நாளைக்கி வராது.” ஜெசிந்தா நான்கு துறைகளுக்குப் போன் செய்தாள். நான்கிலும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக.

ரீத்தம்மாள் இதற்கிடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தனக்கு மனப்பாடமாகிவிட்ட படிவத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

“டீச்சர், இதுல எந்தக் குறைய எழுதுனாலும் அது கேக்குமா?”

“ஏழு வீடு எழுதுனா கேக்கும்.”

“அப்பம், ‘மணி கேக்கப்புடாது’ன்னே ஒரு குறை எழுதுனா?”

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். படிவமும் மென்பொருளின் ஒரு பகுதிதான். அதையும் திருத்தலாம். ஆறு ஆண்டுகளாக அந்தப் படிவத்தில் எல்லாவற்றைப் பற்றியும் குறை வந்திருக்கிறது. படிவத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

“நான் கடலுக்குப் போவாதவ. என் பேச்ச எடுக்குமா?”

“படகு எண் மட்டுந்தான் கேக்கும். வீட்டுல யார் வேணாலும் எழுதலாம்.”

“அப்பம் ஆம்பளையளத் தேடி அலைய வேண்டாம்” என்று ரீத்தம்மாள் எழுந்தாள்.

கால்மணி நேரத்தில் ஏலக்கூடத்தில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். வத்தை எண் பதினேழு, முப்பத்திரண்டு, ஐந்து. ஒவ்வொருத்தியும் எண்ணைச் சொல்ல, கஸ்பார் அடித்தார். ரீத்தம்மாள் ‘வரல’ என்று எழுதிய அந்த மணிக் கட்டத்தில் மட்டும், அவரவர் வத்தை கடைசியாகக் கரை சேர்ந்த மணியைப் போட்டார்கள். குறை: ‘திரும்பி வராதவங்களுக்கும் இடம் வேணும். மணி கேக்கக் கூடாது.’ ஏழாவது குறை ஏறியதும் திரையின் மூலையில் ஒரு பட்டை தோன்றி நகரத் தொடங்கியது. கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது.

“இது என்ன செய்யுது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“மனுசன் எழுதுனத மிசினுக்குப் புரியுத மாதிரி மாத்தி அடுக்குது. கம்பைல்னு சொல்லுவோம். பழைய கம்ப்யூட்டரு, நாப்பது நிமிசம் ஆவும்.”

“எம்புருசனுக்கு ஒண்ணச் சொல்லிப் புரியவைக்க நாலு நாளு ஆவும். இது பரவால்ல” என்றாள் அவள். அந்தச் சூழ்நிலையிலும் கூடம் சிரித்தது.

மற்ற அறுபது துறைகளை ரீத்தம்மாள் பார்த்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் முகவரிப் பட்டியலில் கமிட்டித் தலைவர்கள் இருந்தார்கள். ரீத்தம்மாளின் போனில் கூடைக்காரிகள் இருந்தார்கள். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டில் ஒருத்தி முதுகில் ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்பவர்கள். விலைக்காகத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டவர்கள். “ஏட்டி, நேத்து ஒன்னய ஏசுனேம்லா, அத மனசுல வச்சிக்கிடாத. இப்பம் நான் சொல்லுதது மட்டும் கேளு” என்று ஆரம்பிப்பாள். மூன்றே வரியில் சொல்லி முடிப்பாள். ஏழு வீட்டைக் கூட்டு. மணி கேக்கப்புடாதுன்னு எழுது. அது முடிஞ்சதும் ஒங்க ஊருல வராமப்போன ஒருத்தர் பேர எழுது. ஒரு பேரு போதும்.

“எல்லாத் துறையிலயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்களா?” என்று ஜெசிந்தா தயங்கிக் கேட்டாள்.

“இல்லாத துறை ஒண்ணு சொல்லுங்க பாப்போம்” என்றாள் ரீத்தம்மாள், அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சவேரியார்துறையின் புதிய படிவம் வந்தது. மணிக் கட்டம் போயிருந்தது. அதன் இடத்தில் ‘திரும்பிவிட்டாரா? ஆம், இல்லை’ என்று திருத்தி தானாக எழுதிக்கொண்டிருந்தது. கஸ்பார் நாற்காலியை விட்டு எழுந்து ரீத்தம்மாளுக்கு இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. போன வருடம் மகனைப் பறிகொடுத்த அந்தோணியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தாள். அந்தோணியம்மாள் ‘இல்லை’யைத் தொட்டாள்.

திரை ஒரு கணம் நின்றது. பின், ஏழுக்குக் காத்திராமல், பட்டை தானாக நகர ஆரம்பித்தது. ஆறு ஆண்டுகளாகத் தூங்கிய விதி விழித்துக்கொண்டதை ஜெசிந்தா தன் கண்ணால் பார்த்தாள். தான் எழுதியது சரியாக ஓடினால் எப்போதும் வரும் மகிழ்ச்சி அப்போது அவளுக்கு வரவில்லை.

ஒன்றரை மணிக்குச் சுவர்த்திரை சிவந்தது. தொம்மை வந்து பார்த்தான். எதையோ முணுமுணுத்துக்கொண்டு வலையை மறுபடி பிரித்தான். மற்றவர்களும் பிரித்தார்கள். டீச்சர் பேச்சைத் தட்டலாம். திரையைத் தட்டும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எல்லை ஏறிவந்த நாள்களில் சிலர் தட்டியிருக்கிறார்கள். பிறகு திரை அவர்கள் சொன்னபடி கேட்கத் தொடங்கிவிட்டதால், அவர்களும் திரை சொன்னபடி கேட்கப் பழகிவிட்டிருந்தார்கள்.

போன்கள் ஓய்ந்த ஒரு சிறு இடைவெளியில் ஜெசிந்தா கேட்டாள்: “அந்தோணியம்மாவ உக்காரவச்சிட்டு, நீங்க ஏன் எழுதல ரீத்தம்மா? பதினோரு தரம் எழுதுனீங்களே.”

ரீத்தம்மாள் தரையைப் பார்த்தாள். “அவுக போனதுக்கு மொத நாளு ஒரு குறை ஏறியிருக்கும். பாத்தியளா?”

ஜெசிந்தா பார்த்திருந்தாள். காலையிலேயே பார்த்துவிட்டாள். எல்லை ஐம்பத்தேழிலிருந்து ஐம்பத்தொன்பதுக்கு ஏறக் காரணமான ஏழாவது குறை. வத்தை எண் நாற்பத்தெட்டு. ‘நேற்று சிவப்பு. தேவையில்லாத எச்சரிக்கை. ஒன்றும் நடக்கவில்லை.’ இவள் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

“பாத்தேன்.”

“அவுகளுக்கு எழுத்து வராது. அவுக சொல்லச் சொல்ல நாந்தான் இந்த எடத்துல உக்காந்து அடிச்சேன். செவப்புன்னு கரையில கெடந்த நாளு எல்லாம் எங்களுக்குள்ள சண்ட வரும். அந்தத் தரம் செவப்ப மீறிப் போயிட்டு வந்தாக. நானும் கோவத்துல ரெண்டு வார்த்தை கூடவே சேத்து அடிச்சேன்.” அவள் குரல் தட்டையாக இருந்தது. “மறுநா பச்ச போட்டுச்சு. அது தானாப் போட்ட பச்சையா, நான் கேட்டு வாங்குன பச்சையான்னு தெரியணும். அதான் பதினோரு தரம் கேட்டேன்.”

ஆறுதலாக ஒரு பொய் சொல்லலாம் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. அறுபத்தொரு ஊர்கள் இந்தப் பொழுதில் தன் மென்பொருளுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அது வரவில்லை.

“நீங்க கேட்டது ஏழுல ஒண்ணு. மத்த ஆறு பேரும் கேட்டாங்க. கேட்டதக் குடுத்தது நான் எழுதுனது. நீங்க எழுதுனதுல பொய் இல்ல ரீத்தம்மா. அன்னைக்கி ஒண்ணும் நடக்கலதான?”

“நடக்கல.”

“அந்தப் பதிவ அழிக்கணும்னா ஊர்ல ஏழு பேர் கேட்டா அழிச்சிரலாம்.”

ரீத்தம்மாள் தலையசைத்து மறுத்தாள். “வேண்டாம். அவுக சொன்னதுன்னு எங்கிட்ட இருக்கதே அந்த ரெண்டு வரிதான். கெடக்கட்டும். கீழ இன்னொரு வரி சேக்கணும்.” நாற்காலியில் உட்கார்ந்து, வத்தை எண் நாற்பத்தெட்டு என்று அடித்து, ‘இல்லை’யைத் தொட்டாள். உடனே அவள் போன் அடித்தது. ஏதோ ஒரு துறையில் ஏழாவது வீடு கிடைக்கவில்லையாம். “மாதா கோயில் தெருவுல தேடுட்டி, அங்கன நாலு வத்த வீடு இருக்கு” என்று கத்திக்கொண்டே வெளியே போனாள்.

மூன்று மணிக்கு நாற்பது துறைகள் சிவந்திருந்தன. ஒரு துறையில் மின்சாரம் போய், கோயில் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றே முக்காலுக்கு ஐம்பத்தொன்பது, பிறகு அறுபது. கடைசி ஒன்று, தெற்கே பனையடித்துறை. அங்கே கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் பழையது. பட்டை பாதியைத் தாண்டவில்லை. நான்கு மணிக்கு ரீத்தம்மாள் அங்கே போன் செய்தபோது அலை இரைச்சலும் ஆண்கள் ஏசும் சத்தமும் கேட்டன.

“என்னட்டி நடக்கு?”

“நாங்க முப்பது பேரு வத்தையில ஏறி உக்காந்துட்டோம்க்கா. பட்ட முடியுத மட்டும் எறங்க மாட்டோம், வேணும்னா எங்களையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டோம்.”

ஐந்து பத்துக்குப் பனையடித்துறையும் சிவந்தது.

காற்று ஏழு மணிக்கு வந்தது. கரையோரமாகவே நகர்ந்து, தெற்கே ஒன்பது துறைகளைத் தொட்டுச் சென்றது. பனையடித்துறை ஏலக்கூடத்தின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்க் கடலில் போட்டது. கரையில் ஏற்றிவைத்த வத்தைகளைப் புரட்டித் தள்ளியது. அந்த நேரத்தில் அந்த ஒன்பது துறைகளிலும் கடலில் ஒருவரும் இல்லை.

சவேரியார்துறையில் பனைமட்டைகூட அசையவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏலக்கூடம் கொதித்தது. ஏலம் விட மீன் இல்லை. வடக்கே பச்சை காட்டிய துறைகளுக்குச் சாளை அள்ளிக்கொட்டியதாகச் செய்தி வேறு வந்திருந்தது. நேற்றுப் போகாமல் நின்ற ஊரின் அறுபத்திரண்டு வத்தைக்காரர்களும் தகரத் தடுப்பைச் சுற்றி நின்றார்கள். இரவு ரீத்தம்மாள் வீட்டில் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஜெசிந்தா நடுவில் மாட்டிக்கொண்டாள்.

“எழுதும் மாமா! தேவையில்லாத செவப்புன்னு எழுதும். எல்லாரு பேரையும் போட்டு எழுதும்” என்று தொம்மை மேசையில் தட்டினான்.

கஸ்பார் படிவத்தைத் திறந்து அடித்தார். அனுப்பினார். மறுபடி அனுப்பினார். பிறகு ஜெசிந்தாவை மெல்லக் கிட்டத்தில் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்: “டீச்சர், பொறப்பட்ட நேரம் கேக்கு. இவனுவ பொறப்படவே இல்லையே. போகாதவன் குறை சொல்ல இதுல வழியில்ல.”

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். உண்மைதான். ஆறு ஆண்டுகளில் இதையும் யாரும் கேட்டதில்லை. சிவப்பை மதித்துக் கரையில் இருந்தவன் எதையும் எழுத முயன்றதில்லை.

“சொல்லாம விட்டுருவோம்” என்று கிசுகிசுத்தார் கஸ்பார். “அப்படியே கெடக்கட்டும். எல்ல நாப்பதுலயே நிக்கும். நல்லதுதான டீச்சர்?”

நல்லதுதான். ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டால் போதும்; சிவப்பை மதித்துக் கரையில் நிற்கிற எவனும் இந்தத் துறையில் இனி எல்லையை ஏற்ற முடியாது. ஜெசிந்தா அதை யோசித்துப் பார்த்தாள், நேர்மையாகவே யோசித்தாள். ரீத்தம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி” என்று தொம்மையைக் கூப்பிட்டாள் ஜெசிந்தா. “போகாதவங்க குறைய இது வாங்காது. அது தப்பு. என் தப்புத்தான். ஏழு வீடு கேட்டா மாறிரும். ஒக்காரு, எப்படிக் கேக்கணும்னு சொல்லித் தாரேன்.”

சண்டைக்கு வந்தவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டால் அவன் என்ன செய்வான்? தொம்மை தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

“மாறுனதுக்கு அப்புறம் நீங்க எல்ல கூட்டணும்னு எழுதலாம். அந்த ரீத்தம்மாவும் அந்தோணியம்மாவும் கூட்டாதன்னு எழுதுவாங்க. பனையடித்துறைக்காரங்க அங்க நேத்து நடந்தத அவங்க கம்ப்யூட்டர்ல எழுதுவாங்க; அத நீங்க இந்தத் திரையில படிக்கணும்னா அதுக்கும் ஏழு வீடு கேக்கணும். எல்லாத்தையும் கேட்டுட்டு ஊர் முடிவு பண்ணட்டும்.”

“எழுதி எழுதிப் பழைய மாதிரி ஆக்கிருவானுவ டீச்சர்” என்றார் கஸ்பார் கவலையோடு.

“இவனுவ மட்டும் எழுதுனாத்தான மாமா அப்படி ஆவும்?” என்று பின்னாலிருந்து ரீத்தம்மாள் சொன்னாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கோபம் தணியாமல் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாய் அசைந்ததில் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. அறுபத்திரண்டில் வந்து நின்றபோது அவள் முகத்தில் ஏதோ இளகியது.

“ஒருத்தன் கொறையாம வந்து ஏசுதானுவ” என்றாள் ஜெசிந்தாவிடம். பிறகு தொம்மையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “ம், அடிலே. நல்லா ஏசி அடி.”